கொரோனாவைப் பற்றி 90 ஃபீட் ரோட்டில் என்னைக் கேட்டவை: கேள்வியும் பதிலும்

தாராவியில் குடியிருப்பு, சயானில் ஒரு லேபில் டெக்னீஷியன் வேலை. இந்த இரண்டும் சேர்ந்ததில் 2020-லிருந்து இன்னொரு வேலையும் தலையில் விழுந்தது. ரேஷன் வரிசையிலும் குழாயடியிலும் கோயில் வாசலிலும் நிறுத்திவைத்துக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். 2025 மே மாதம் கேஸ் மறுபடி ஏறுகிறது என்று டிவியில் வந்ததும் அதே கேள்விகள், பாதி நேரம் அதே ஆட்கள். சரி, எழுதியே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

கேள்விகளை அவரவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்து எழுதித் தர மாட்டேன்.

இதுவும் ஒரு சளிக்காய்ச்சல்தானே அக்கா? இதுக்குப் போய் ஊரையே பூட்டணுமா?

சொந்தம்தான். சாதாரணச் சளி தருகிற கொரோனா வைரஸ்கள் நாலு பல காலமாக நம்மோடு இருக்கின்றன. 2019 கடைசியில் வந்தது புதுசு. அதை ஏற்கெனவே பார்த்த உடம்பு உலகத்தில் ஒன்றுகூட இல்லை. நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் உயிர் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதத்தில் வந்தால் கட்டிலுக்கும் ஆக்சிஜனுக்கும் எங்கே போவது? ஊரைப் பூட்டியது வைரஸைக் கொல்வதற்காக இல்லை, ஆஸ்பத்திரி தயாராக நேரம் வாங்குவதற்காக.

அந்த நேரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது வேறு கதை. 2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு அறிவிப்பு, பன்னிரண்டு மணிக்கு அமல். இட்லி வியாபாரி மறுநாளைக்கு ஊறப்போட்ட அரிசியை என்ன செய்வார்? நாலு மணி நேர அவகாசம் நியாயமில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

மூக்குல அந்தக் குச்சியை விட்டு அப்படி என்னத்தப் பாக்குறீங்க?

குச்சி முனையில் வரும் சளியை இளஞ்சிவப்புத் திரவம் உள்ள சின்னக் குழாயில் முக்கி, குச்சியை அங்கேயே ஒடித்துவிட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவோம். லேபில் முதல் வேலை அதிலிருந்து ஆர்என்ஏவை, அதாவது இந்த வைரஸின் மரபணுப் பொருளை, பிரித்தெடுப்பது. அதை டிஎன்ஏவாக மாற்றி, பிசிஆர் என்ற மெஷினில் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி சூடாக்கி, சுற்றுக்குச் சுற்று இரண்டு மடங்காகப் பெருக்குவோம். கொரோனாவுக்கே உரிய துண்டு இருந்தால்தான் பெருகும், பெருகினால் ஒளிரும். திரையில் ஒரு கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருக்கும். ஏதோ ஒரு சுற்றில் சட்டென்று மேலே வளையும். அது பாசிட்டிவ். 40 சுற்று வரை படுத்தே கிடந்தால் நெகட்டிவ்.

எந்தத் துண்டைத் தேட வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? வைரஸின் முழு மரபணு வரிசையையும், ஏறக்குறைய 30,000 எழுத்து, சீன விஞ்ஞானி ஜாங் யோங்ஜென்னின் குழு 2020 ஜனவரி 11 அன்று பொதுவில் போட்டுவிட்டது. இந்தியாவில் முதல் கேஸ், கேரளத்தில், ஜனவரி 30. அதற்குள் புனே தேசிய வைராலஜி நிறுவனத்தில் சோதனை தயார். மும்பைக்கு ஆரம்பத்தில் கஸ்தூர்பா ஆஸ்பத்திரி லேப்தான் கதி. மார்ச்சில் தனியார் லேபுகளுக்கு அனுமதி கிடைத்தபோது டெஸ்டுக்கு உச்சவரம்பு 4,500 ரூபாய். எங்கள் கல்லியில், அதாவது சந்தில், எத்தனை பேரால் அதைக் கொடுத்திருக்க முடியும்!

வாசனையே தெரியல, ருசியும் போச்சு. ஆனா டெஸ்ட்ல நெகட்டிவ். அப்ப டெஸ்ட்டே பொய்யா?

பொய்யில்லை, பிடிபடவில்லை. தொற்றின முதல் ஒன்றிரண்டு நாளில் மூக்கில் வைரஸ் குறைவு. பத்து நாள் கழித்து அது மூக்கை விட்டு நுரையீரல் பக்கம் இறங்கியிருக்கலாம். குச்சியைச் சரியாக உள்ளே விடாமல் மூக்கு நுனியில் தடவி எடுத்திருக்கலாம், கூட்ட நாளில் இதெல்லாம் நடந்ததுதான். பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் நம்பலாம். நெகட்டிவ் என்றால் "இந்தக் குச்சியில், இன்றைக்கு இல்லை" என்று மட்டும் அர்த்தம். வாசனை போன ஆளை நெகட்டிவ் சீட்டு வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

சிடி வேல்யூ எனக்கு 18, அவருக்கு 30. அவருக்குத்தான அதிகம்?

தலைகீழ். அந்தக் கோடு எத்தனையாவது சுற்றில் மேலே வளைந்தது என்பதுதான் சிடி. வைரஸ் நிறைய இருந்தால் சீக்கிரமே வளையும். சுற்றுக்கு இரண்டு மடங்கு என்றேன் இல்லையா, பத்து சுற்று வித்தியாசம் என்றால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆனால் இதை வைத்து நோய் முற்றுமா முற்றாதா என்று ஜோசியம் பார்க்க முடியாது. சளி எடுத்த விதம், எடுத்த நாள், கிட்டின் தயாரிப்பு எல்லாமே எண்ணை மாற்றும். வாட்ஸ்அப்பில் சிடி அனுப்பி ஒப்பிட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் வீணாகப் பயந்தார்கள், இல்லையென்றால் வீணாகத் துணிந்தார்கள்.

முதல்ல மாஸ்க் வேண்டாம்னாங்க, பொறவு போடாட்டா ஃபைன்னாங்க. அவங்களுக்கே தெரியலன்னுதானே அர்த்தம்?

ஆமாம், தெரியவில்லை. தெரியாததில் தப்பில்லை, தெரிந்த மாதிரி பேசியதுதான் தப்பு. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் "கொரோனா காற்றில் பரவுவதில்லை, இது உண்மைத் தகவல்" என்று அடித்துச் சொன்னது. தும்மல் துளி ஒரு மீட்டரில் கீழே விழுந்துவிடும் என்ற பழைய பாடத்தை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, பேசும்போதும் மூச்சு விடும்போதும் வரும் நுண்துளி மூடிய அறையில் மிதக்கிறது, கவனியுங்கள் என்று எழுதினார்கள். அந்த நிறுவனம் அதை ஒளிவுமறைவில்லாமல் ஒத்துக்கொள்ள 2021 ஆகிவிட்டது. நம் மாநகராட்சி 2020 ஏப்ரல் 8-லேயே மாஸ்க்கைக் கட்டாயமாக்கிவிட்டது, ஜெனீவாவில் இருக்கும் அந்த நிறுவனத்தை முந்திக்கொண்டு.

இன்னொரு பக்கமும் உண்டு. 2020 ஜனவரி 31 அன்று டெல்லி ஐஐடிக் குழு ஒன்று, இந்த வைரஸில் எச்ஐவி போன்ற துண்டுகள் இருப்பதாக ஒரு கட்டுரையை இணையத்தில் ஏற்றியது. வேறு நிபுணர்கள் சரிபார்க்கும் முன்பே பொதுவில் வைக்கிற முன்வரைவு அது. உலகம் முழுக்க விஞ்ஞானிகள் பாய்ந்து பிடித்து, அந்தத் துண்டுகள் எத்தனையோ உயிரிகளில் இருப்பவை என்று காட்டினார்கள். இரண்டே நாளில் எழுதியவர்களே திரும்பப் பெற்றார்கள். திருத்தம் இரண்டு நாளில் வந்துவிட்டது. வதந்தி என்னவோ இன்னும் எங்கள் ஏரியா குரூப்பில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்ப பால் பாக்கெட்டை சோப்பு போட்டுக் கழுவினது, கொத்தமல்லியை உப்புத் தண்ணியில ஊறப்போட்டது எல்லாம் வீண்தானா?

பெரும்பாலும் வீண். பொருளைத் தொட்டு வருவதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. கையைக் கழுவுங்கள், அது வயிற்றுப்போக்குக்காவது ஆகும். பாலை விடுங்கள்.

நம்ம தாராவி எப்படித் தப்பிச்சுது? உலகமே பாராட்டுச்சே!

இதைக் கேட்காத ஆள் இல்லை. முதல் கேஸ் 2020 ஏப்ரல் 1. சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை ஆறரை லட்சம் என்பாரும் உண்டு, பத்து லட்சம் என்பாரும் உண்டு. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் "ஆறடி தள்ளி நில்லுங்கள்" என்றால் எங்கே போய் நிற்பது? அதிலும் பத்தில் எட்டுப் பேர் பொதுக் கழிப்பறையை நம்பி இருப்பவர்கள். எங்கள் கல்லிக் கழிப்பறை வாசலில் விடிகாலை ஐந்து மணிக்கே வாளியோடு முப்பது பேர் நிற்பார்கள். உள்ளே ஜன்னல் கிடையாது. ஒருவர் வெளியே வந்ததும் அடுத்தவர் அதே காற்றுக்குள் நுழைய வேண்டும். பிசிஆர் மெஷினை விட அந்த வரிசைதான் எனக்குக் கொரோனாவைப் புரியவைத்தது.

ஆள் வரட்டும் என்று மாநகராட்சி காத்திருக்கவில்லை, தேடிப் போனது. உள்ளூர்த் தனியார் டாக்டர்களை, நாம் வழக்கமாகப் போகிற அதே கிளினிக் டாக்டர்களை, கவச உடுப்போடு வீடு வீடாக அழைத்துப் போனார்கள். தெரிந்த முகம் என்பதால் கதவு திறந்தது. காய்ச்சல் முகாம் போட்டார்கள். பள்ளிக்கூடமும் கல்யாண மண்டபமும் தனிமைப்படுத்தும் இடமாயின, அங்கேயே மூன்று வேளைச் சாப்பாடு. பொதுக் கழிப்பறையில் ஒரு நாளைக்குப் பல தடவை மருந்து அடித்தார்கள். கேஸ் இரட்டிப்பாக ஏப்ரலில் 18 நாள் ஆனது, மே மாதத்தில் 43 நாள் ஆனது. ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் தாராவி பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அன்று எங்கள் தெருவில் லட்டு கொடுத்தார்கள், தூரமாக நின்றுதான்.

இனி உறுத்தலான பகுதி. அதே சமயத்தில் லட்சத்துக்கு மேல் ஆட்கள் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள், நெருக்கம் குறைந்தது. இங்கே இளவட்டம் அதிகம். யாருக்கும் தெரியாமலே பாதிப் பேருக்கு வந்து போயிருக்கவும் கூடும் (அடுத்த கேள்வி). எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல, இதெல்லாம் செய்யாத இன்னொரு தாராவி வேண்டும். அது இல்லை. "யாரோடு ஒப்பிட்டு?" என்ற இந்தக் கேள்வியை மனசில் வையுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

ரத்தம் எடுத்துட்டுப் போயி பாதிப் பேருக்கு வந்துட்டுதுன்னாங்களே, அது எந்தக் கணக்கு?

2020 ஜூலையில் மாநகராட்சி, நிதி ஆயோக், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் சேர்ந்து மூன்று வார்டில் 6,936 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். மாட்டுங்கா, சயான், வடாலா அடங்கிய எஃப் நார்த், செம்பூர் பக்கம் எம் வெஸ்ட், தஹிசர் பக்கம் ஆர் நார்த். வைரஸைத் தேடவில்லை, அது வந்து போனதற்கு உடம்பு வைத்திருக்கும் அடையாளமான எதிர்ப்பொருளைத் தேடினார்கள். குடிசைப் பகுதியில் 57 சதவீதம் பேருக்கு இருந்தது, மற்ற கட்டடங்களில் 16 சதவீதம் பேருக்கு. ஒரே வார்டு, ஒரே ரயில் நிலையம், நடுவில் ஒரு ரோடு. கழிப்பறை வரிசை என்று மேலே சொன்னேனே, அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு அதுதான் என்பது என் எண்ணம்.

கவனியுங்கள், தாராவி ஜி நார்த் வார்டில் இருக்கிறது, அந்த மூன்றில் இல்லை. "தாராவியில 57 சதவீதம்" என்று யாராவது சொன்னால் திருத்துங்கள்.

பாதிப் பேருக்கு வந்து போச்சுன்னா பொறவு ரெண்டாவது அலை எப்படி வந்துச்சு? கூட்டு எதிர்ப்பு சக்தின்னு சொன்னாங்களே!

பிரேசிலின் மனாஸ் நகரத்தில் 2020 அக்டோபருக்குள் முக்கால்வாசிப் பேருக்கு வந்து போனதாகக் கணக்கிட்டு, முடிந்தது கதை என்று நினைத்தார்கள். 2021 ஜனவரியில் அங்கே ஆக்சிஜன் இல்லாமல் ஆட்கள் செத்தார்கள். கணக்கு கொஞ்சம் மிகையாக இருந்திருக்கலாம். எதிர்ப்பும் நாளாக ஆகக் குறையும். வைரஸும் சும்மா இருக்காது, மாறும்.

நம்மிடம் மாறியதுதான் டெல்டா. மகாராஷ்டிரத்தில்தான் முதலில் தென்பட்ட வம்சம் அது. மாதிரிகளின் மரபணுவைத் தொடர்ந்து படிக்க ஆய்வகங்களைக் கூட்டிய இன்சாகாக் அமைப்பு 2020 டிசம்பரில்தான் தொடங்கியது. படித்த மாதிரிகளோ கொஞ்சம். 2021 ஏப்ரல் 4 அன்று மும்பையில் மட்டும் ஒரே நாளில் 11,163 கேஸ். பெயரைக் கிரேக்க எழுத்தில் டெல்டா என்று வைத்ததே மே 31-ல், அலை இறங்கத் தொடங்கிய பிறகு.

எங்க மாமாவுக்கு பிளாஸ்மா ஏத்துனோம், பிழைச்சிட்டார். பிளாஸ்மா பிரயோஜனமில்லன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?

மாமா நல்லா இருக்கட்டும். பிளாஸ்மா என்பது கொரோனா வந்து குணமானவரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த திரவம். அதை ஏற்றாமல் இருந்திருந்தால்? அதைத்தான் யாராலும் சொல்ல முடியாது. மாமா ஒருத்தர்தான், அவரை இரண்டு தடவை நோயாளியாக்கிப் பார்க்க முடியாது. அதனால்தான் ஒரே மாதிரி நிறைய மாமாக்களைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் பார்ப்பார்கள். டாக்டரின் கைராசியோ நோயாளியின் பணபலமோ ஒரு பக்கம் சாயாமல் இருக்கத்தான் குலுக்கல்.

அந்த வேலையை உலகத்தில் முதலாவதாகப் பெரிய அளவில் செய்தவர்களில் நம் ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உண்டு. 39 ஆஸ்பத்திரி, 464 நோயாளிகள். பிளாஸ்மா ஏற்றியவர்களில் 19 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது அல்லது 28 நாளில் உயிர் போனது. ஏற்றாதவர்களில் 18 சதவீதம். பிரயோஜனமில்லை. 2020 அக்டோபரில் வெளியானது. ஆனாலும் அடுத்த ஏப்ரலில் "பிளாஸ்மா வேண்டும், ஓ பாசிட்டிவ், அவசரம்" என்று நம் குரூப்பெல்லாம் அலறியது. சிகிச்சை வழிகாட்டியிலிருந்து அதை எடுத்தது 2021 மே மாதம். பதில் கையில் இருந்தும் ஏழு மாதம் ஜனங்களை அலையவிட்டார்கள். இந்தத் தொற்றில் எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

ரெம்டெசிவிர்? வளையலை வித்து வாங்குனோம் தாயி.

தெரியும். அந்த வரிசையில் என் அண்ணனும் நின்றான். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களின் சாவை அந்த வைரஸ் எதிர்ப்பு மருந்து பெரிதாகக் குறைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் பல நாட்டுச் சோதனை 2020 அக்டோபரிலேயே காட்டியது. சுத்தமாக உதவாது என்றும் சொல்ல முடியாது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு முதல் சில நாளில் கொடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலையையே குறைக்கிறது என்று பின்னால் தெரிந்தது. ஆனால் நாம் தேடி ஓடியது ஏழாம் நாள், பத்தாம் நாள், கள்ள விலையில். உங்கள் மேல் தப்பில்லை, சீட்டில் எழுதிக் கொடுத்தால் யார்தான் ஓடமாட்டார்கள்.

அப்ப எதுதான் வேலை செஞ்சுது?

ஆக்சிஜன். குப்புறப் படுக்கவைத்தது. பிறகு டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய ஸ்டீராய்டு, மாத்திரை சில ரூபாய்தான். பிரிட்டனின் 'ரெக்கவரி' சோதனை, மேலே சொன்ன அதே குலுக்கல் முறையில், 2020 ஜூனில் கண்டுபிடித்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 100-க்கு 41 பேர் இறந்தார்கள், மருந்தும் பெற்றவர்கள் 29 பேர். நூற்றுக்குப் பன்னிரண்டு உயிர்!

ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனில்லை, கெடுதல் இருக்கலாம் என்றும் அதே ஆய்வு சொன்னது. அந்தப் பாதியை இங்கே நிறையப் பேர் படிக்கவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சலுக்கே மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு வாங்கிப் போட்டார்கள். அதோடு கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்து, 2021-ல் கரும்பூஞ்சை கண்ணையும் தாடையையும் தின்றது.

ஆக்சிமீட்டர் கறுப்பா இருக்கிறவங்களுக்குத் தப்பா காட்டுமாமே?

நல்ல கேள்வி, கேட்டது ஒரு காலேஜ் பையன். விரலுக்குள் ஒளியைப் பாய்ச்சி ரத்தத்தின் சிவப்பை அளக்கிற கருவி அது. தோல் நிறம் ஒளியைக் கொஞ்சம் குடித்துவிடும். 2020 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆய்வில், கருவி சரி என்று காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தவர்கள் வெள்ளையர்களை விடக் கறுப்பினத்தாரில் ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் ஆட்களை வைத்து அளந்த எண் இல்லை இது. ஆனால் வேலை செய்கிற விதம் ஒன்றுதான். ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்காமல், நேற்று 98 இன்று 94 என்று இறங்குகிறதா என்று பாருங்கள். மருதாணியும் நெயில் பாலிஷும் இருந்தால் வேறு விரல்.

கபசுரக் குடிநீர் குடிச்சவங்களுக்கு வரலையே?

யாரோடு ஒப்பிட்டு? பதினைந்து சரக்கு சேர்ந்த அந்தக் கஷாயத்தை எங்கள் அம்மாவும் போட்டுக் கொடுத்தாள், நானும் குடித்தேன், எனக்கு வந்தது. குடித்து வராதவர் கதைக்கும் என் கதைக்கும் ஒரே மதிப்புதான். தொண்டைக்கு இதமாக இருந்தால் குடியுங்கள். ஆனால் தொற்றைத் தடுக்கும் என்று பிளாஸ்மாவுக்குச் செய்த அளவில் பெரிய குலுக்கல் சோதனை எதுவும் காட்டவில்லை. அதை நம்பித் தடுப்பூசி போடாமல் விடாதீர்கள்.

ஒரு தடுப்பூசிக்குப் பத்து வருஷம் ஆகும்பாங்க. இது ஒரு வருஷத்துல எப்படி? எதையோ விட்டுட்டாங்கதானே?

பத்து வருஷத்தில் பாதி காத்திருப்பு: பணத்துக்கு, அனுமதிக்கு, நோயாளி கிடைப்பதற்கு. இங்கே பணம் முன்னாலேயே வந்தது. நோயாளிக்குப் பஞ்சமில்லை. ஒரு கட்டம் முடியும் முன் அடுத்த கட்டத்தைத் தொடங்கினார்கள். ஜெயிக்குமா தோற்குமா என்று தெரியாமலே புனே சீரம் நிறுவனம் கோவிஷீல்டைத் தயாரித்து அடுக்கியது. அதை உருவாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழு அதே அடித்தளத்தில் மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸ் நோய்க்கு ஏற்கெனவே ஊசி முயன்றிருந்தது. வைரஸ் புரதத்தைச் செய்யும் குறிப்பை உடம்புக்குக் கொடுக்கிற எம்ஆர்என்ஏ ஊசிக்கு வழிவிட்ட கரிக்கோ, வெய்ஸ்மேன் கண்டுபிடிப்பு 2005-ல் வந்தது. நோபல் 2023-ல்.

வேகம் மும்பைக்குப் புதிதில்லை. 1896-ல் இங்கே பிளேக் வந்தபோது வால்டமார் ஹாஃப்கின் சில மாதத்தில் ஊசி செய்து, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தன் கையிலேயே போட்டுக்கொண்டார். பரேலில் அவர் பெயரில்தான் நிறுவனம் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பாருங்கள்.

கோவாக்சினை சோதனை முடியறதுக்கு முன்னாலயே விட்டாங்களாமே, நிஜமா?

நிஜம். 2021 ஜனவரி 3 அன்று அனுமதி கொடுத்தபோது மூன்றாம் கட்டச் சோதனை ஓடிக்கொண்டிருந்தது, பலன் எவ்வளவு என்ற எண் கையில் இல்லை. "சோதனை முறையில்" போடலாம் என்று ஒரு புது வார்த்தை கண்டுபிடித்தார்கள். ஊசி போட வந்தவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பின்னால் 25,800 பேர் சோதனையில் 77.8 சதவீதப் பலன் தெரிந்தது. நல்ல எண்தான். பரீட்சையில் பாஸ் ஆனவன் என்பதற்காக, ரிசல்ட் வரும் முன்னே வேலை கொடுத்தது சரியாகிவிடாது. தயங்கியவர்களைத் திட்டியதற்குப் பதில் இதை ஒத்துக்கொண்டிருந்தால் நம்பிக்கை கூடியிருக்கும்.

ரெண்டு ஊசி போட்டும் வந்துச்சே?

வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையே. கையில் போடும் ஊசி மூக்கு வாசலில் காவல் நிற்காது, வீட்டுக்குள் திருடன் புகுந்தால் பிடிக்கும். 2021 நவம்பரில் ஓமிக்ரான் வந்தபிறகு தொற்றைத் தடுப்பது இன்னும் குறைந்தது, சாவைத் தடுப்பது பெரும்பாலும் நிலைத்தது.

கோவிஷீல்டால ரத்தம் உறைஞ்சு சின்ன வயசுக்காரங்க பொத்துன்னு விழுந்து சாகுறாங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?

இரண்டு விஷயம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. ரத்தம் உறைதல் உண்மை. ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்களையே தூண்டிவிடும் எதிர்ப்பொருள் உருவாகி, ஊசி போட்ட சில வாரத்துக்குள் வரும் அபூர்வ பக்கவிளைவு. ஐரோப்பாவில் 2021 ஏப்ரலிலேயே ஒத்துக்கொண்டார்கள். 2024-ல் நீதிமன்றச் செய்தியாக வந்தபோது புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேசினோம். இந்தியக் குழு 2021 மே மாதம் சொன்ன கணக்கு பத்து லட்சம் டோசுக்கு 0.61. பிரிட்டனில் இதைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே வருவது அதிகமா, இங்கே பதிவாவது குறைவா என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. எப்படியானாலும் வருஷங்கள் கழித்து வருகிற விளைவு இல்லை அது.

திடீர் மரணம் வேறு. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 47 ஆஸ்பத்திரிகளில், 18 முதல் 45 வயதில் திடீரென்று இறந்த 729 பேரை, அதே வயது, அதே பாலினம், அதே பகுதியில் உயிரோடு இருந்த 2,916 பேரோடு ஒப்பிட்டது. பாருங்கள், நம் பழைய கேள்விதான். ஊசி ஆபத்தைக் கூட்டவில்லை, இரண்டு டோஸ் போட்டவர்களில் குறைவாகவே இருந்தது. கூட்டியவை: கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தது, குடும்பத்தில் ஏற்கெனவே திடீர் மரணம், அளவுமீறிய குடி, போதை, கடும் உடற்பயிற்சி.

மொத்தம் எத்தனை பேரு செத்தாங்க? நிசத்தைச் சொல்லுங்க.

2021 முடிய அரசுக் கணக்கு சுமார் 4.8 லட்சம். அதே இரண்டு வருஷத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் சொன்னது 47 லட்சம். இந்திய அரசு அதை மறுத்தது. இரண்டும் ஒரே எண் இல்லை. முதலாவது டெஸ்டில் பாசிட்டிவ் ஆகி இறந்தவர்கள். இரண்டாவது வழக்கமாக இறப்பவர்களை விட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்ற மதிப்பீடு, படுக்கை கிடைக்காமல் போனவர்களும் அதில் உண்டு.

அரசின் சொந்தப் பதிவேட்டையே பாருங்கள். நாடு முழுக்கப் பதிவான மரணம் 2020-ல் சுமார் 81 லட்சம், 2021-ல் 1.02 கோடி. பதிவு செய்யும் பழக்கம் கூடியது கொஞ்சம் இருக்கும். ஆனால் ஒரே வருஷத்தில் 21 லட்சம் கூடியதை அதை மட்டும் வைத்து விளக்க முடியுமா என்ன? மும்பையிலேயே 2020 ஜூனில் விட்டுப்போன 862 மரணத்தை ஒரே நாளில் கணக்கில் சேர்த்தார்கள்.

சீனாக்காரன் லேப்ல செஞ்சு விட்டதுதான?

வௌவாலில் இருந்து இன்னொரு மிருகம் வழியாக வந்திருக்கலாம் என்பதற்கே ஆதாரம் அதிகம். லேப் தவறை முழுக்கத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் கேட்ட பதிவுகளைச் சீனா முழுசாகக் கொடுக்கவில்லை. இதற்கு மேல் சண்டை போட வருபவர்களை நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

கொரோனா போயே போச்சு. இப்ப ரெண்டு வாரமா இருமல், மறுபடி மூக்குல குச்சி விடணுமா?

உலக அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5 அன்று அறிவித்தார்கள், வைரஸ் போகவில்லை. வயதானவர், சர்க்கரைக்காரர், கர்ப்பிணி, மூச்சுத் திணறுபவர் என்றால் டாக்டரிடம் போங்கள். மற்றவர்கள் மாஸ்க் போட்டு இரண்டு மூன்று நாள் ஒதுங்கியிருந்தால் போதும்.

ஆனால் இரண்டு வார இருமல் என்றால் எனக்குக் கொரோனா ஞாபகம் வராது, டிபிதான் வரும். 2019-ல் நாட்டில் 24 லட்சம் டிபி நோயாளிகள் பதிவானார்கள், 2020-ல் 18 லட்சம். நோய் குறையவில்லை, தேடுவது நின்றது. டிபி பார்த்த ட்ரூநாட் என்ற மரபணுச் சோதனை மெஷின்களையே கொரோனாவுக்குத் திருப்பினோம், ஆட்களும் அங்கேதான் போனார்கள். விட்டுப்போன அந்த ஆறு லட்சம் பேர் நம்மைப் போல ஜன்னலில்லாத அறையில்தான் இருமிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கு அடங்காத டிபி மும்பையில் எவ்வளவு என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மாநகராட்சி மருந்தகத்தில் டிபிக்கான சளிச் சோதனை இலவசம். டப்பா அவர்களே கொடுப்பார்கள். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டிச் சளி வேண்டும், எச்சில் வேண்டாம். எச்சிலைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.